பத்தாவது ஆள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே நான் சுகம். வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் சுகம் என்று எழுதுவேன், இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நீ போன் செய்தபோதெல்லாம் தூங்குகிறாள், குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னது எல்லாம் பொய். உன்னிடம் சொல்லக்கூடாது என்பது அவளுடைய உத்தரவு. விமானம் ஓடாத காலத்தில் அங்கே உட்கார்ந்து நீ அழுது என்ன ஆகப்போகிறது என்றாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் குரல் போய்விடும், அதனால் எழுதுகிறேன். தபால் போகிறதா என்று தெரியவில்லை, எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், நிதானமாக உட்கார்ந்து படி.

முதலிலிருந்து சொல்கிறேன். சலூன் திறக்க வேண்டுமானால் கத்தி பிடிக்கிறவன் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததால் எனக்கு முதலிலேயே போட்டுவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கே அம்மாவுக்கும் போட்டிருக்கலாம். ரெண்டு பேரும் ஒரே நாள்ல காய்ச்சல்ல படுத்துட்டா யாரு அடுப்பு பத்த வைக்கிறது, நீங்க எழுந்து நடமாடுங்க, அடுத்த வாரம் நான் போறேன் என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்போது ஊசி போடும் பள்ளிக்கூடத்தில் கூட்டம் நெரிந்தது, மருந்துக்குப் பஞ்சம் இல்லை, ஆளுக்கும் பஞ்சம் இல்லை. நானும் சும்மா இருந்தேனா, நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் நுரை பூசிக்கொண்டே ஊசி போட்டாச்சா என்று கேட்பேன். கத்திய கழுத்துல வச்சுக்கிட்டு கேட்டா எவன் இல்லைன்னு சொல்லுவான் என்று டீக்கடைக்காரர் சொல்லிச் சிரிப்பார், தெருவே சிரிக்கும். அப்படிக் கேட்டுத்தான் அந்த வாரமே நம் வெல்டரையும் அனுப்பினேன். உன் அறை ஜன்னலுக்குக் கம்பி அடித்துக் கொடுத்தாரே, அவர்தான். ஊசி போட்ட மூன்றாம் நாள் பட்டறையிலேயே சரிந்து விழுந்து போய்விட்டார், இதை அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். இருதயக் குழாய் அடைத்திருந்தது, பழைய அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். தெரு கேட்கவில்லை. அதே டீக்கடைக்காரர் அதே பேச்சைச் சிரிக்காமல் சொன்னார். கழுத்துல கத்திய வச்சு அனுப்பிட்டான்யா என்றார். வெல்டரின் தம்பி சலூன் வாசலில் நின்று, எங்க அண்ணன் சவரம் பண்ணிக்கத்தானே வந்தாரு, உன்கிட்ட வைத்தியம் கேட்டாரா என்று கத்தினான். இனி எவரிடமும் ஊசி போட்டுக்கொள் என்று இந்த வாய் சொல்லாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்குப் பிறகு நாற்காலியில் தூசிதான் உட்கார்ந்தது.

இதில் மாட்டிக்கொண்டது உன் அம்மா. அந்த மருந்து ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு வருகிறது. மூடியில் ஊசி இறங்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கீழே கொட்ட வேண்டியதுதான். நாடு முழுக்கத் தட்டுப்பாடு, ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அதனால் பத்துத் தலை சேராமல் குப்பியைத் திறக்க மாட்டார்கள். அம்மா போன முதல் நாள், தெரு பயந்து ஒதுங்கிவிட்டதால், பள்ளிக்கூட வராந்தாவில் அவளோடு சேர்த்து மூன்று பேர். மதியம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த வாரம் ஐந்து பேர். நான் போய் நர்ஸிடம் கெஞ்சினேன், இவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, இழுப்பு இருக்கிறது, இவளுக்கு மட்டும் போடக்கூடாதா என்று. நான் என்ன பண்ணட்டும்ண்ணே, ஒருத்தருக்காகத் திறந்தா மீதி ஒம்பது பேர் மருந்து குப்பைக்குப் போகும், ஆள் கூட்டிட்டு வாங்க, இப்பவே போடுறேன் என்றார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கண்ணே வீங்கிக் கிடந்தது. வேறு மையம் போகலாம் என்றால் பஸ் இல்லை, எல்லையில் தடுப்பு. இந்த வெள்ளிக்கிழமையோடு நாங்க வேற பகுதிக்குப் போறோம் என்று அவர் சொன்ன பிறகுதான் நான் வீடு வீடாக இறங்கினேன். ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை, வராந்தாவில் வந்து உட்காருங்கள், என் வீட்டுக்காரிக்காக என்றுதான் கேட்டேன். சிலர் கதவைத் திறக்கவில்லை, டி.வி. சத்தத்தை மட்டும் குறைத்தார்கள். டீக்கடைக்காரர், உன் பேச்சைக் கேட்டு ஒருத்தன் போனது பத்தாதா என்றார்.

வெல்டர் வீட்டுப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. எதிர்ச் சுவரோரம் நின்றுவிட்டேன். அவர் மனைவியே வெளியே வந்தாள். திருடன் மாதிரி அங்க ஏன் நிக்கிறீங்க, வந்து கேட்க வேண்டியதுதானே, எத்தனை பேர் குறையுது என்றாள். நான் தெருவைக் கடந்து போனேன். அவளே பேசினாள். அவருக்கு ஒரு மாசமா நெஞ்சு வலிண்ணே, எனக்குத் தெரியும், யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு, டாக்டர்கிட்டப் போனா வேலை செய்யாதேன்னு சொல்லிடுவாங்கன்னு பயம், அன்னைக்கே நான் இதைச் சொல்லியிருந்தா உங்களைத் திட்டின வாயெல்லாம் என்னைத் திட்டியிருக்கும், அதான் பேசாம இருந்துட்டேன் என்றாள். அதோடு நிறுத்தவில்லை. உங்களுக்காக நான் வரலை, எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு, இனி அதுங்களுக்கு நான் ஒருத்திதான் என்றாள். வெள்ளிக்கிழமை காலை தெருவின் நடுவே அவள் நடந்து போனதைப் பார்த்து இரண்டு வீட்டுக் கதவு திறந்தது, பிறகு நாலு. பதினொரு மணிக்கெல்லாம் வராந்தாவில் சரியாகப் பத்துப் பேர். அம்மா பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்துகொண்டாள். நான் வால்ல உட்கார்ந்தா எவனும் நழுவ மாட்டான் என்று சிரித்தாள். நர்ஸ் தலைகளை எண்ணிவிட்டுக் குப்பியைத் திறந்தார்.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அறை வாசலில் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவி. அம்மாவின் முறை வந்தபோது அது கத்தியது. காலையிலேயே தொண்டை கரகரப்பு என்றாள், தூசி என்று இருவரும் நினைத்தோம். வெயில்ல நடந்து வந்தேன், அதான் சூடு என்றாள். மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்து மறுபடி பார்த்தார்கள், மறுபடி கத்தியது. காய்ச்சல் இருக்கறப்ப போடக்கூடாதும்மா என்று நர்ஸ் சொன்னபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அம்மாதான், கல்யாணப் பொண்ணை வாசல்ல நிறுத்திட்டீங்களே என்று கேலி பேசினாள். குப்பியில் ஒரு ஆளுக்கான மருந்து மிச்சம். வாசலில் பைக்கைப் பிடித்தபடி வெல்டரின் தம்பி நின்றான், அண்ணியைத் திரும்ப அழைத்துப் போக வந்தவன். நர்ஸ் வெளியே வந்து யாராவது இருக்கீங்களா என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. தம்பி, வீணாப் போகப்போகுது, நீ போட்டுக்கோ என்று சொன்னது அம்மா. அவன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே போனான், சட்டைக் கையை மடித்தான், நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

மூன்று நாளில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, முகத்தில் ஆக்சிஜன் மூடி, உள்ளே யாரையும் விடுவதில்லை. மாலையில் வார்டு ஆயா வாசலுக்கு வந்து செய்தி சொல்லுவார். நேத்து மாதிரியே இருக்காங்க என்பார், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். நேற்று அவர், மூடியோட பட்டையில முடி சிக்கி வலிக்குதாம், வெட்டிவிடச் சொல்றாங்க என்றார். அவள் முடியை நான் ஒரு நாளும் வெட்டியதில்லை. உன்னுடையதைச் சின்ன வயதில் வெட்டியதற்கே இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை, ஞாபகம் இருக்கும். கடைக்குப் போய் நல்ல கத்தரிக்கோலாகப் பார்த்து எடுத்துவந்து ஆயாவிடம் கொடுத்தேன், பிடரியிலிருந்து தொடங்குங்கம்மா, இழுக்காம வெட்டுங்க என்று காற்றில் விரலால் செய்து காட்டினேன். கத்தரிக்கோலை மருந்துத் தண்ணீரில் கழுவி, காகிதத்தில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். கடையில் மற்றதோடு சேர்க்காமல் வீட்டில் வைத்திருக்கிறேன். இன்று காலை வெல்டரின் தம்பி சலூனுக்கு வந்தான். கண்ணாடியைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கொடுத்தான். சவரம் முடித்துத் துணியை எடுக்கும்போது, அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டான். நேத்து மாதிரியே என்றேன்.

வெல்டர் விஷயம் கேட்ட பிறகு உன் முறை வந்தும் நீ போகவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். ஊசி போட்டுக்கொள் என்று இனி எவரிடமும் சொல்வதில்லை என்று இருந்த நான் உன்னிடம் சொல்கிறேன், போட்டுக்கொள். அங்கே ஒரு ஆளுக்காகவும் திறக்கிறார்கள் என்றாய், உனக்குப் பத்துப் பேர் தேட வேண்டியதில்லை. இன்றைக்கு உடம்பு சுகமாக இருக்கிறது என்றால் இன்றைக்கே போ, அடுத்த வாரம் என்று தள்ளாதே. மாப்பிள்ளையையும் அழைத்துப் போ. பேரன் வெளியே போனால் முகமூடியைக் கழற்றாமல் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, அம்மாவை நினைத்துப் பட்டினி கிடக்காதே, தெரிந்தால் அவள் என்னைத்தான் ஏசுவாள்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், உன் அம்மாவின் ஆசியும் இதில் சேர்ந்தே வருகிறது. ஒன்றை மறக்காதே. ஊசி போட்டதும் பஞ்சு ஒட்டிய கையைப் போட்டோ எடுத்து அனுப்பு, உன் முகமும் தெரிய வேண்டும். ஆயாவிடம் என் போனைக் கொடுத்து அனுப்பி அம்மாவுக்குக் காட்டச் சொல்கிறேன். மாலை ஆறு மணிக்குத்தான் அவர் வாசலுக்கு வருவார், அதற்குள் அனுப்பு.

உன் அப்பா