பகலில் பச்சை, பல்பில் சிவப்பு

அக்கா,

நேற்று எலக்ட்ரீசியன் வந்து, கடையில் மிச்சமிருந்த குண்டு பல்புகளையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டிவிட்டுப் போனார். மகனின் ஏற்பாடு. கரண்ட் மிச்சமாகுமாம், கடையும் சூடாகாதாம். கழற்றிய பல்பு ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன், இன்னும் ஆறாமல் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தை எங்கள் அத்தா காலத்திலிருந்து விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. தங்கம் அதில்தான் தங்கமாகத் தெரியும். அந்த வெளிச்சத்தில்தான் நீங்கள் என்னைத் திருடனாகப் பார்த்தீர்கள்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். அதற்கு முன் உங்களை எனக்குத் தெரியாது. டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் கார் நுழைய முடியாமல் முனையிலேயே இறங்கி நடந்து வந்தீர்கள். பீளமேட்டில் மில் வைத்திருக்கும் குடும்பம் என்று பக்கத்துக் கடைக்காரர் காதில் சொன்னார். கடையில் இன்னும் பல்பு போடாத பகல் நேரம். கைக்குட்டையிலிருந்து ஒரு பச்சைக் கல்லை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தீர்கள். துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிய கல். உங்கள் அப்பா சிலோனிலிருந்து கொண்டுவந்ததாம். வருடக்கணக்கில் பேங்க் லாக்கரிலேயே கிடந்ததாம். அவர் இறந்த பிறகு அதை விரலில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. மரகதம் என்றீர்கள். நானும் மரகதம் என்றே எடுத்துக்கொண்டேன். கல் பதிக்கத் தெரிந்தவனுக்குக் கல்லைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஊர் நினைக்கும். நாங்களும் மறுத்துச் சொல்வதில்லை.

பதிக்கும் வேலையை நான் ஜன்னலோரத்தில் பகல் வெளிச்சத்தில்தான் செய்வேன். மரகதம் கொஞ்சம் அழுத்தினாலே விரிசல் விடும் சாதி என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அழுத்தினேன். இந்தக் கல் அலட்டிக்கொள்ளவே இல்லை. நல்ல கல்தான் என்று நினைத்துக்கொண்டு டப்பாவில் போட்டு மூடினேன்.

விளக்கு வைத்த பிறகு வந்தீர்கள். ஆவணி முகூர்த்தக் கூட்டம், கடையில் நிற்க இடமில்லை. டப்பாவைத் திறந்து உங்கள் முன்னால் நீட்டினேன். மோதிரத்தில் மாதுளை முத்துப் போல ஒரு சிவப்புக் கல் இருந்தது.

நீங்கள் முதலில் கத்தவில்லை. "ஏனுங்க பாய், நான் குடுத்தது பச்சைக் கல்லுங்க. இது யாரோடதுங்க?" என்று கேட்டீர்கள். என் கண்ணுக்கும் அது சிவப்புதான். பதித்தது என் கை, மூடியது என் கை, வேறு யாரும் தொடவில்லை. என் மௌனத்தைப் பார்த்த பிறகுதான் உங்கள் குரல் உயர்ந்தது. "எங்கப்பா குடுத்த கல்லுங்க. அத மாத்திப்போட்டு இத வெச்சுக் குடுத்தா தெரியாதுன்னு நெனைச்சுட்டீங்களா?"

தோட்டைக் கழற்றிக் கொடுக்கவந்த ஒருவர் அதை மறுபடி பர்ஸுக்குள் வைத்தார். ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். காலையில் போலீஸோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மோதிரத்தோடு நீங்களும் போனீர்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. எங்கள் தொழிலில் எழுத்து ஏதும் கிடையாது. வீட்டுப் பெண்கள் கழுத்திலும் காதிலும் இருப்பதைக் கழற்றி எங்கள் கையில் வைத்துவிட்டு, கறிகாய் வாங்கப் போய்விடுவார்கள். அந்த நம்பிக்கை போய்விட்டால் கடையைப் பூட்டிவிட்டு வேறு வேலை தேடவேண்டியதுதான்.

காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றீர்கள். போலீஸ் இல்லை. கையை வெயிலில் நீட்டிக் காட்டினீர்கள். விரலில் பச்சைக் கல். ராத்திரி டப்பாவைத் திறக்கவே இல்லையாம், விடிந்ததும் போலீஸிடம் காட்டுவதற்காக ஜன்னலோரமாக நின்று எடுத்துப் பார்த்தீர்களாம், பச்சையாக இருந்ததாம். உங்கள் வீட்டில் எல்லா அறையிலும் ட்யூப்லைட், அதிலும் பச்சையாகத்தான் தெரியும் என்பதால், அதுவரை அந்தக் கல்லின் வேறு முகத்தைப் பார்க்க வாய்ப்பே இல்லாமல் போயிருக்கிறது. நான் உள்ளே போய்ப் பல்பைப் போட்டேன். நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள். சிவப்பு. வாசலுக்குப் போனீர்கள், பச்சை. ஐம்பது வயதுப் பெண், சின்னப் பிள்ளை மாதிரி உள்ளேயும் வெளியேயுமாக நடந்து நடந்து பார்த்தீர்கள்.

"நீங்க மாத்துலீங்க பாய். கல்லே மாறுது. நாந்தான் வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டேன்" என்றீர்கள்.

எனக்குக் கோபம் இறங்கவில்லை. உங்களுக்கு நாற்காலிகூடப் போடவில்லை. "நேத்து கடை நெறைய ஆளுங்கம்மா. இன்னைக்கு நீங்களும் நானுந்தானுங்க இருக்கறோம்" என்று சொல்லிவிட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். பணக்கார வீட்டம்மாவிடம் வாயைக் கொடுத்துவிட்டோமே என்று நான் பயந்ததும் உண்மை.

அடுத்த முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம், வெயில் இறங்குமுன், கூட்டம் நெரிகிற நேரமாகப் பார்த்து வந்தீர்கள். நடுக்கடையில் நின்றுகொண்டு, இந்த பாய் மேல் நான் பழி போட்டேன், அது பொய், இதோ பாருங்கள் என்று கையைப் பல்புக்கு அடியிலும் வாசலிலும் மாற்றி மாற்றிக் காட்டினீர்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அன்றைக்குத்தான் உங்களுக்கு நாற்காலி போட்டேன். அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது அக்கா ஆனதும் அன்றைக்குத்தான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் கல்லின் சங்கதியைச் சொன்னீர்கள். காலேஜில் நிலவியல் சொல்லித்தரும் சொந்தக்காரர் ஒருவரிடம் காட்டினீர்களாம். காற்றில் ஒரு தடவை, தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு தடவை என்று அவர் எடை பார்த்தாராம். மரகதமாக இருந்தால் இவ்வளவு அடர்த்தி வராது என்றாராம். பெயர் கிரிசோபெரில், அதிலும் நிறம் மாறுகிற, மரகதத்தைவிட அபூர்வமான இந்த வகைக்கு அலெக்ஸாண்ட்ரைட் என்று தனிப் பெயர். மரகதத்தில் இருக்கும் பெரிலியம் இதிலும் இருந்தாலும் குடும்பம் வேறு. மரகதம் மணலில் இருக்கிற சிலிக்காவோடு சேர்ந்த சிலிகேட். இதில் சிலிக்கா கிடையாது. பெரிலியமும் அலுமினியமும் ஆக்சிஜனோடு கட்டிக்கொண்ட ஆக்சைடு. மாணிக்கமும் ஆக்சைடுதான். டோபாஸால்கூட இதைக் கீற முடியாது, மாணிக்கம், நீலம், வைரம் மாதிரிக் கற்கள்தான் கீறும். கேதுவுக்காக மோதிரத்தில் போடுகிற வைடூரியமும் இதே கனிமம்தான் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை வைடூரியம் பதித்திருப்பேன்!

நிறத்துக்கும் காரணம் சொன்னீர்கள். மாணிக்கத்தைச் சிவப்பாக்குவதும் மரகதத்தைப் பச்சையாக்குவதும் ஒரே குரோமியம்தானாம். இந்தக் கல்லில் அது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறதாம். வெயிலில் பச்சை தூக்கலாக இருப்பதால் பச்சை ஜெயிக்கும், பல்பில் சிவப்பு தூக்கலாக இருப்பதால் சிவப்பு ஜெயிக்கும். பிறகு விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "எங்கப்பா சாகற வரைக்கும் மரகதம்னுதானுங்க சொல்லிட்டிருந்தாரு. அவரு ஏமாந்தாரா, வித்தவன் ஏமாந்தானான்னு தெரியலையே" என்று சிரித்தீர்கள்.

அதன்பிறகு இந்தக் கதையை நீங்கள் சொல்லாத இடமில்லை. கல்யாண வீடு, கோயில், மில் கேன்டீன், பொள்ளாச்சியில் சம்பந்தி வீடு. ஒவ்வொரு இடத்திலும் உங்களைத்தான் முட்டாளாக்கிச் சொல்வீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் கலவரத்தால் ஊர் இரண்டுபட்டுக் கிடந்து, எங்கள் தெருவுக்குள் வரவே ஜனங்கள் யோசித்த நாட்களிலும் உங்கள் கார் சந்து முனையில் வந்து நின்றது. வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, கூட வந்தவர்களிடம் அதே கதையைச் சொல்லிவிட்டுப் போவீர்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், போதும் அக்கா, எத்தனை வருஷத்துக்கு இதையே சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"நான் உங்களத் திட்டுனதக் கேட்டவங்க அத்தன பேரும் இதக் கேட்டிருப்பாங்களாங்க? எங்க போயி யாருகிட்டச் சொன்னாங்களோ. அது எனக்குத் தெரியற வரைக்கும் சொல்லுவேனுங்க பாய்" என்றீர்கள்.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. போன மாதம் கணபதி ஏரியாவில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேச்சுக் கொடுத்தார். கல் பதிக்கிற தொழில் என்று சொன்னேன். உடனே அவர் ஆரம்பித்தார். "டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில என் கண்ணால பாத்தனுங்க. ஒரு அம்மா குடுத்த பச்சைக் கல்ல எடுத்துக்கிட்டு, செவப்ப வெச்சுக் குடுத்துப்போட்டான். பாவம், அந்தம்மா அழுகாத கொறை. அன்னைக்கு எறங்கி வந்தவன்தானுங்க, இன்னைக்கு வரைக்கும் எந்தக் கடையிலயும் பொருளக் குடுத்துட்டு வாரதில்லைங்க."

தலை வழுக்கையாகி, தாடியும் நரைத்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வெயில், பல்பு, குரோமியம் என்று முழுக் கதையும் நாக்கு நுனியில் நின்றது. நீங்கள் இருந்திருந்தால் அங்கேயே போன் போட்டு அவர் கையில் கொடுத்திருப்பேன். நீங்களும் சிரித்துக்கொண்டே உங்களைத் திட்டிக்கொண்டு சொல்லியிருப்பீர்கள். ஆனால் நான் சொன்னால்? அந்தப் பெண்மணி குற்றமற்றவன் மேல் பழி போட்டார் என்றல்லவா ஆரம்பிக்க வேண்டும்? அவர் பாவம் என்று சொன்ன அந்தம்மாவை, முகம் தெரியாத ஒருவர் முன்னால் குற்றவாளியாக நிறுத்த எனக்கு வாய் வரவில்லை. "ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானுங்க" என்று சொல்லிவிட்டு இலையை மூடினேன்.

நீங்கள் இத்தனை வருடம் தேடியது அவரைத்தான், அக்கா. கையில் கிடைத்தவரை விட்டுவிட்டாயே என்று என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். அவருக்கு மட்டும் நான் திருடனாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.