தெருப் பக்க ஜன்னலில் வைஃபை

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே வெயில். குழாயில் வெந்நீர். இன்டர்நெட் லைன் கொடுப்பவர் பத்து மணிக்கு வந்தார், ஒரு வழியாக.

இரண்டு கம்ப்யூட்டர். மகள் மதியின் லேப்டாப், என்னுடைய பழைய பெரிய கம்ப்யூட்டர். என்னுடையதில் வைஃபை கிடையாது. விரல் அளவுக் குச்சி ஒன்றைப் பின்னால் செருகினார். வைஃபை பெட்டியை முதலில் பீரோ மேல் வைத்தார். உள் அறைக்கு எட்டவில்லை. "இரும்பு மறைக்கும்க்கா." பிறகு தெருப் பக்க ஜன்னலில். இப்போது இரண்டு அறைக்கும் கிடைக்கிறது.

"பேரும் பாஸ்வேர்டும் என்னக்கா வைக்கட்டும்?"

யோசிக்கவே இல்லை. பாடாலூர் வீட்டில் இருந்ததையே சொல்லிவிட்டேன். வாய்க்குத் தெரிந்தது அது ஒன்றுதான். மதியின் லேப்டாப் எதுவும் கேட்காமல் தானே சேர்ந்துகொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் போன்கள் இங்கே வந்த பிறகு வாங்கியவை, தனி நெட் இருக்கிறது. அவற்றைச் சேர்க்கவில்லை.

போகும்போது ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். யார் யார் நம் வைஃபையில் இருக்கிறார்கள் என்ற பட்டியல். "பக்கத்து வூட்டுக்காரங்க யாராச்சும் எடுத்தா இதுல தெரிஞ்சிரும்." இரண்டு பெயர்கள். என்னுடையது, மதியுடையது.

இனி பத்திரம் டைப் செய்து வீட்டிலிருந்தே அனுப்பலாம். கடைத்தெருப் பக்கம் போக வேண்டாம், யார் கண்ணிலும் பட வேண்டாம். எட்டு மாதத்தில் முதல்முறை நிம்மதியாக உட்கார்ந்தேன்.

ஜூன் 11, புதன்

வரிசையாக எழுத வேண்டும்.

மாலை 4.40. இரண்டு கிரயப் பத்திரம் அனுப்பி முடித்தேன். விளையாட்டாக அந்தப் பட்டியலைத் திறந்தேன். மூன்று பெயர். மூன்றாவது, ஆங்கில எழுத்தில்: சேகர் பாஸ்.

அவருடைய போன், மதி அப்பாவுடையது. அவரே வைத்துக்கொண்ட பெயர். (இன்னும் 'அவர்' என்றே எழுத வருகிறது. இனி பெயரை எழுதமாட்டேன். சே. போதும்.)

பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு. லேப்டாப் சேர்ந்ததைப் போலவே அந்தப் போனும் தானாகச் சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் சே. பாடாலூரில் இல்லை. இந்த ஜன்னலுக்குக் கீழே, தெருவில் எங்கோ.

ஜன்னலைச் சாத்தினேன். தாழ்ப்பாள். விளக்கு, மின்விசிறி நிறுத்தம். பிறகுதான் ஞாபகம், மதி பெரம்பலூர் காலேஜிலிருந்து அஞ்சு மணி பஸ்ஸில் வந்து இறங்குவாள். போன் செய்தேன்.

"பஸ் ஸ்டாண்டுலயே நில்லு. டீக்கடை பக்கம், கூட்டத்துல."

"எதுக்கும்மா?"

"நில்லுன்னா நில்லு."

5.10க்குப் பெயர் மறைந்தது. 5.40 வரை காத்திருந்து அவளை வரச் சொன்னேன். தலைவலி என்று பொய் சொன்னேன்.

ஜூன் 12, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. மதியிடம் சொல்லிவிட்டேன். வெளுத்துப் போனாள். போன வாரம் காலேஜ் வாசலில் ஒரு பைக், அப்பா மாதிரி இருந்தது என்கிறாள். என்னைப் பயமுறுத்த வேண்டாமென்று சொல்லவில்லையாம். ஆக, அவள் பஸ்ஸின் பின்னாலேயே இங்கே அரியலூர் வரை வந்திருக்கிறார். தெரு வரைக்கும் வந்து அவளைத் தவறவிட்டுவிட்டார் போல. எந்த வீடு என்று தெரிந்திருக்காது.

இப்போது தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பழைய வீட்டுப் பெயரை எழுதி ஜன்னலில் மாட்டி வைத்தது போல. கிட்டே வர வர அவர் போனில் சிக்னல் கோடுகள் கூடியிருக்கும்.

பாஸ்வேர்டை மாற்றப் போனேன். மதி கையைப் பிடித்தாள். "மாத்துனா அவரு வர்றது நமக்குத் தெரியாம போயிரும்மா."

விட்டுவைத்தால் வீட்டைக் காட்டிக்கொடுக்கும், மாற்றினால் அவர் வருவது தெரியாது. இரண்டும் உண்மை. மாற்றவில்லை. இன்றைக்கு அவளைக் காலேஜுக்கு அனுப்பவில்லை.

4.35. பெயர் வந்தது. 4.50. போனது. திரையைப் படம் எடுத்துக்கொண்டேன்.

இடது மணிக்கட்டு வலி. போன வருடம் சே. திருகியது. பயந்தால் அது வலிக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

வீட்டுக்கார டீச்சரிடம் சொல்லியாக வேண்டும். கீழ் வீட்டில் தனியாக இருப்பவர். ஏலாக்குறிச்சிக்காரர், ரிட்டயர் ஆனவர். வீடு எடுக்கும்போது, கணவர் வெளிநாட்டில் என்று சொல்லியிருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அடித்தது, கோர்ட்டில் வாங்கிய உத்தரவு, சே. எங்கள் பக்கமே வரக்கூடாது என்பது, இந்த வைஃபை.

டீச்சர் முகம் இறுகிவிட்டது. "பொய் சொல்லி என் வூட்டுக்கு வந்திருக்கீங்க."

"ஆமாங்க டீச்சர்."

"நானும் ஒண்டியா இருக்கேன். ஏதாவது ஆச்சுன்னா?"

வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று நின்றேன். உள்ளே போனார். புடவை மாற்றிக்கொண்டு குடையோடு வந்தார். "கோர்ட் பேப்பர எடுத்துக்கங்க. ஸ்டேஷனுக்குப் போவோம். உங்க மேல கோவம் கோவம்தான், அது வேற."

மகளிர் ஸ்டேஷன். எஸ்.ஐ. அம்மா என்னைவிடச் சின்னவர். உத்தரவை முழுதும் படித்தார். படங்களைப் பார்த்தார். வைஃபை விஷயத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அடுத்த தடவ பேரு வந்த உடனே எனக்கு அடிங்க. கதவத் திறக்காதீங்க. பேசாதீங்க."

ஜூன் 14, சனி

நாள் முழுக்க அந்தப் பக்கம் திறந்தபடி. அரிசி அடிப்பிடித்தது. ஒரு பத்திரத்தில் 'சேதுராமன்' என்று வர வேண்டிய இடத்தில் சே. பெயரை அடித்திருக்கிறேன். நல்லவேளை, அனுப்புமுன் பார்த்தேன்.

பெயர் வரவில்லை. வராததும் பயமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

டீச்சர் கோவிலுக்குப் போய்விட்டு வந்து மேலே ஒரு பாத்திரத்தில் குழம்பு கொண்டுவந்து வைத்தார். பேசவில்லை. பெயர் வரவில்லை. மதி நாளை டெஸ்ட் என்கிறாள். போகட்டும். தோழியின் அப்பா வண்டியில் கூட்டிப் போவதாகப் பேச்சு.

ஜூன் 16, திங்கள்

காலை 11.20. சே. பெயர்.

எஸ்.ஐ.க்கு அடித்தேன். "வர்றோம். உள்ளயே இருங்க." வைத்த உடனே கீழே கேட் சத்தம். வைஃபை பெட்டியின் ஸ்விட்சில் கை வைத்துவிட்டேன், அணைத்துவிட. அணைத்தால் அவர் போனில் தெரிந்துவிடும். கையை எடுத்தேன்.

டீச்சர் குரல். "யாருங்க வேணும்?"

"என் பொண்டாட்டி மேல இருக்கா."

"மேல ஆளே இல்ல. வூடு காலியா கெடக்கு."

சே. சிரிக்கிற சத்தம். "காலி வூட்டுல எங்க வூட்டு வைஃபை எப்படிங்க வரும்?"

கேட்டைத் தள்ளும் சத்தம், டீச்சர் "விடுங்க, விடுங்க" என்பது, குடை விழுவது. கதவைத் திறக்காதே என்றார்கள். அந்தக் கிழவி அங்கே ஒண்டியாக.

திறந்தேன். படியின் மேல்முனையில் நின்றேன். எட்டு மாதம் கழித்து அந்த முகம். இளைத்திருந்தது.

"டீச்சர விடுங்க. நான் இங்கதான் இருக்கேன். போலீஸ் வருது."

குரல் எனக்கே கேட்டதா தெரியாது. சே. டீச்சரை விட்டுவிட்டு முதல் படியில் கால் வைத்தார். "எறங்கி வா. வூட்டுக்குப் போலாம்." அன்பாகச் சொன்னார். அதுதான் பயம். இரண்டாவது படி. மூன்றாவது. பின்னால் டீச்சர் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினார். எதிர்க் கடை ஆட்கள் ஓடி வந்தார்கள். ஜீப்பும் வந்தது.

ஜீப்பில் ஏற்றும்போது சே. என்னைப் பார்க்கவில்லை. தன் போனைத்தான் பார்த்தார்.

டீச்சர் முழங்கையில் சிராய்ப்பு. மருந்து போட்டேன். "வூட்டக் காலி பண்ணிடட்டுமா டீச்சர்?"

"மொதல்ல அந்தப் பெட்டிய ஜன்னல்லேர்ந்து எடுங்க."

ஜூன் 17, செவ்வாய்

மதியோடு உட்கார்ந்து பெயர், பாஸ்வேர்டு இரண்டையும் மாற்றினோம். எங்கள் ஊரோ, அவள் பெயரோ, பிறந்த நாளோ எதுவும் இல்லாமல். பெட்டி உள் அறை அலமாரியில். லேப்டாப், கம்ப்யூட்டர் இரண்டிலும் கையால் அடித்துச் சேர்த்தோம். முன் அறையில் சிக்னல் மெலிவு. பரவாயில்லை.

ஜூன் 18, புதன்

எஸ்.ஐ. அம்மா போன். சே. இப்போது ரிமாண்டில், ஜெயிலில். எப்போதும் உள்ளே இருக்கமாட்டார், ஜாமீன் வரும், வந்தால் முன்கூட்டியே சொல்கிறோம் என்றார். சரிங்க என்றேன்.

மதி பெரம்பலூரில் பஸ் ஏறிவிட்டாளாம். "நானே வந்துருவேம்மா" என்கிறாள். வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன். கடைத்தெரு வழியாக, நடந்தே. டீச்சர் கீழே குடையை விரித்துக்கொண்டு கூப்பிடுகிறார்.