மிக்ஸிக்கு முட்டுக் கொடுத்தது

என் அன்பு மனைவிக்கு,

இயேசுவின் இரக்கத்தால் நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஒரு வேடிக்கை கேள். இன்று ஜெபிக்க உட்கார்ந்து வேதாகமத்தைத் தேடினேன், காணோம். அறைத்தோழர் சிரித்தார். "என்ன வாத்தியாரே, ஊருக்குப் போற பெட்டியில மிக்ஸி ஆடாம இருக்க நீங்கதானே அதை வச்சு முட்டுக் கொடுத்தீங்க?"

பெட்டியைக் கப்பலில் ஏற்றி ஐந்து வாரமாகிறது. இத்தனை நாள் நான் தேடவேயில்லை. கிடங்கு வேலை முடிந்ததும் கடை கடையாய் ஏறி இறங்கி, அடுத்த பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன். அது நிரம்ப நிரம்ப மனம் வெறுமையாகிக்கொண்டே வந்தது. களைப்பு என்று நினைத்தேன்.

ஊரில் வாத்தியாராக இருந்தபோது புத்தகம் கொண்டுவராதவர்களை வெளியே நிறுத்துவேனே, இப்போது நான் நிற்கிறேன்.

பெட்டி வந்தால் மிக்ஸி கிடக்கட்டும். அந்த வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதத்தை உன் கையால் எழுதி அனுப்பு. எது என்று கேட்காதே. ஒன்றுகூட முழுதாய் நினைவுக்கு வரவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் வாத்தியார்