அருவியில் குளிக்காத ஏட்டையா

அப்பா,

நேற்று தென்காசியில் ஒரு படம் பார்த்தேன். மறதி நோய் வந்த அப்பா, அவரைப் பார்த்துக்கொள்ளும் மகள், இதுதான் கதை. மருந்துக்கடையில் என்னோடு வேலை பார்க்கும் செல்வி, "அக்கா, உங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்காம்" என்று இழுத்துக்கொண்டு போனாள். இடைவேளைக்கு முன்னால் ஒரு காட்சி. மகள் வாளியும் சொம்புமாக வருகிறாள். அப்பா முக்காலியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வயலின் அழுகிறது. தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள், அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். அரை நிமிடத்தில் குளியல் முடிந்தது. தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், சத்தமாகவே வந்துவிட்டது. முன்வரிசை அம்மா ஒருத்தி திரும்பிப் பார்த்த பார்வையில் நான் மனிதப் பிறவியே இல்லை.

அந்தப் படம் எடுத்தவர்களிடம் ஒரு வாரம் உங்களை விட்டிருக்க வேண்டும்.

நீங்கள் போலீஸ் ஏட்டாக ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்துத்தான் மறதி வந்தது. முதலில் சாமான்களின் பெயர் போனது. அப்புறம் கிழமை போனது. அப்புறம் அம்மா இறந்ததே மறந்துபோனது. அவளைத் தேடும்போதெல்லாம், ராயகிரியில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். "ஒரு வார்த்தை சொல்லாம போயிருக்கா பாரு" என்று முறைத்துக்கொள்வீர்கள். அம்மாமேல் உங்களுக்கு இன்னும் கோபம் வருகிறதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும். இதையெல்லாம் சமாளித்துவிட்டேன். குளியலில்தான் தோற்றுப்போனேன்.

குளியலறை வாசலில் காலை ஊன்றிக்கொண்டு நிற்பீர்கள். "இப்ப முடியாதுட்டி. கூட்டமா கெடக்கு." வீட்டில் நீங்களும் நானும்தான். என் வீட்டுக்காரர் லாரியோடு கொல்லம் பக்கம் போயிருப்பார். எங்கே கூட்டம் என்று கேட்டால் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பீர்கள். நோய் பேசுகிறது என்று நினைத்துக்கொள்வேன். இப்படியே மூன்று வாரம் போனது. தொடையிடுக்கிலும் அக்குளிலும் தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. இப்படியே விட்டால் சீழ் வைத்துவிடும் என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் தலையில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினேன். நீங்கள் சுவரோடு ஒடுங்கி, முகத்தை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, "சார், நான் ஒண்ணும் பண்ணலியே சார்" என்றீர்கள். ஸ்டேஷனில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்ட வாக்கியமோ, என்னிடம் சொன்னீர்கள். நான் சொம்பைப் போட்டுவிட்டு வெளியே வந்து அழுதேன். பிறகு தம்பிக்குப் போன் செய்தேன்.

தம்பி கோயம்புத்தூரிலிருந்து காரோடு வந்துவிட்டான். அங்கேயே ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருந்தான். நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன். "நாலு பேரு சேந்து புடிச்சாவது குளிப்பாட்டிருவாங்கக்கா" என்றான். அந்த நாலு பேர்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தார்கள். ஒருத்தி பிடித்ததற்கே அப்படி ஒடுங்கியவர் நாலு பேர் பிடித்தால் என்ன ஆவார்?

"அப்பாவ ஒரே ஒரு தடவை அருவிக்குக் கூட்டிட்டுப் போவோம்லே" என்று கெஞ்சினேன். "அங்கன குளிச்சுட்டார்னா எங்கூடவே இருக்கட்டும். குளிக்கலைன்னா நானே அவர உன் கார்ல ஏத்தி விடுதேன்."

அவன் சரி என்றான். அவன் முன்பே கட்டி ஏற்றியிருந்த உங்கள் பெட்டி காரிலேயே இருந்தது.

நான் போட்ட கணக்கு இதுதான்: சர்வீஸில் பாதியை அருவிக்கரைப் பந்தோபஸ்தில் கழித்த மனுஷன், தண்ணீரைப் பார்த்தால் இறங்கிவிடுவார். ஒரே ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். நீங்கள் ஒரு நாளும் அந்த அருவியில் குளித்ததில்லை. சீசனுக்கு நம் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் காக்கிப் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, வாயில் விசிலோடு, கம்பியோரம் நிற்பீர்கள். ஒரு நிமிஷம் தலையைக் காட்டிவிட்டு வரக்கூடாதா என்று அம்மா கேட்பாள். "நான் தண்ணியப் பாத்தா ஆளை யாரு பாக்கது?" என்பீர்கள்.

பேரருவியில் அன்று அளவான தண்ணீர். சாரல் முகத்தில் பட்டதும் உங்கள் முதுகு நிமிர்ந்தது. தம்பி கையை உதறிவிட்டு நேரே கம்பியோரம் போய் நின்றீர்கள். "வரிசை, வரிசை. ஏலே, சின்னப் புள்ளையத் தோள்ல வைக்காத, கையில புடி. சோப்பு போட்டவுக வெளிய வாங்க." வேட்டி கட்டிய கிழவர் சொல்லுக்கு அத்தனை தடிமாடுகளும் கட்டுப்பட்டார்கள். ஒருவன் சோப்பை டிராயருக்குள் ஒளித்தான்.

படமாக இருந்தால் அந்த நேரம் பார்த்துக் காட்டாற்று வெள்ளம் வந்திருக்கும். நீங்கள் மட்டும் கண்டுபிடித்து நூறு பேரைக் காப்பாற்றியிருப்பீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆனது, நீங்கள் நகரவில்லை. தம்பி மூன்று தடவை கூப்பிட்டான். "கூட்டமா கெடக்கு, தெரியலியா" என்று அவனைக் கடிந்தீர்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று வாரமாக என்னிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் அடம்பிடிக்கவே இல்லை. டூட்டியில் நின்றிருக்கிறீர்கள்.

பெண்கள் பக்கம் பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரப் பெண்ணிடம் ஓடினேன். இருபத்தைந்து வயது இருக்கும். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளை என்னைத் திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு உங்கள் முன்னால் வந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாள்.

"ஐயா, ரிலீவுக்கு வந்திருக்கேன்."

நீங்கள் அவளை மேலும் கீழும் பார்த்தீர்கள். "எந்த ஊரும்மா?"

"கீழப்பாவூருங்க ஐயா."

"நேரத்துக்கு வரப்படாதா?"

"பஸ்சு லேட்டாயிட்டு ஐயா."

"சரி, கேட்டுக்க. ஆம்பளையாளு பக்கம் பிரச்சினை இல்ல. அந்தா, அந்த மூலைப் படியில பாசி கெடக்கு, வயசானவுகள அங்கன விடாத. தண்ணி கலங்கி, சுள்ளி கிள்ளி வந்துதுன்னா யாரையும் கேக்காத, விசிலை ஊது. மேலதிகாரி வையுவான், வையட்டும்."

"சரிங்க ஐயா. நீங்க போய்க் குளிங்க. நான் பாத்துக்கிடுதேன்."

நீங்கள் சட்டைப் பொத்தானை நீங்களாகவே கழற்றினீர்கள். தம்பி பேண்ட்டோடு உங்கள் பின்னால் ஓடினான். ஆண்கள் பக்கம் நான் வரமுடியாதே, கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்தேன். தண்ணீர் உங்கள் தோளில் விழுந்தது. நீங்கள் ஒரு தடவை "ஹா" என்று சிரித்துவிட்டு, ஐம்பது வயதுத் தம்பியின் தலையைப் பிடித்து அருவிக்குள் இழுத்து, பச்சைப் பிள்ளைக்குத் தேய்ப்பது போலத் தேய்த்துவிட்டீர்கள். அவன் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. கேட்டதற்கு, தண்ணீர் அடித்துவிட்டது என்றான். காரிலிருந்த உங்கள் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்துவிட்டு, மறுநாள் தனியாகக் கோயம்புத்தூர் போனான்.

அதன் பிறகு ஒன்றே முக்கால் வருஷம் நம் வீட்டில் ஒழுங்காக ரிலீவ் நடந்தது. காலை எட்டு மணிக்கு நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சல்யூட் அடிப்பேன். உங்கள் அறையின் நிலைமையைச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போவீர்கள். என் சல்யூட் சரியில்லை என்று சில நாள் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். எதுவுமே பலிக்காத நாட்களும் உண்டு. அன்று ஈரத்துணியால் துடைத்துவிட்டு விட்டுவிடுவேன். புண் ஆறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தம்பி வீடியோவில் வந்தால், "இன்ஸ்பெக்டர் லைன்ல இருக்காரு" என்று எழுந்து நிற்பீர்கள். அவனுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

படம் எங்கே முடிகிறது தெரியுமா? அப்பா மகளைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்கிறார். அவ்வளவுதான், இனி ஒன்றும் மிச்சமில்லை என்பது போலத் திரை இருட்டாகிவிடுகிறது. செல்வி என் தோளில் சாய்ந்து தேம்பினாள். அவள் அம்மாவுக்கும் இப்போதுதான் மறதி தொடங்கியிருக்கிறது. நான் அவளுக்கு உங்கள் கடைசி மார்கழியைச் சொன்னேன்.

அப்போது நீங்கள் பெரும்பாலும் படுக்கையில்தான். பிடித்துத் தூக்கினால்தான் எழுவீர்கள். அன்று காலையிலிருந்து உங்களுக்குக் காய்ச்சல், எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பிற்பகல் மூன்று மணி இருக்கும், காய்ச்சல் இறங்கியிருந்தது. கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த என்னை நீங்கள் வெகுநேரம் பார்த்தீர்கள்.

"ஏம்மா, நீ யாருன்னு தெரியலியே."

இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று தெரியும், ஆனாலும் வலித்தது. நீங்கள் அதோடு நிறுத்தவில்லை.

"ரொம்ப நேரமா நிக்கியே. உனக்கு மாத்த ஆளு வரலையா?"

"வரல ஐயா."

"சாப்ட்டியா?"

"இல்ல."

"என்னத்த டூட்டி போடுதானுவ. போ, போய்ச் சாப்பிடு. இங்கன நான் நிக்கேன்."

மகள் என்பதற்காகக் கேட்கவில்லை. யாரோ ஒருத்தி பசியோடு நிற்கிறாள், அது உங்களுக்குப் பொறுக்கவில்லை. பெயரும் உறவும் போன பிறகும் அது உங்களிடம் இருந்தது அப்பா. நீங்கள் போன பிறகு நான் வைத்திருப்பது அதைத்தான்.

அடுக்களையில் நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, கை கழுவாமல் வந்து எட்டிப் பார்த்தேன். நீங்கள் கட்டிலை விட்டு இறங்கி, நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கால் நடுங்க, நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தீர்கள். ஓடிவந்து பிடிக்கத்தான் கால் எடுத்தேன். நீங்கள் என்னைப் பார்த்துப் போ என்று கையை ஆட்டினீர்கள்.

நான் திரும்பிப் போய் உட்கார்ந்து, மோர் விட்டு, இன்னொரு தடவை சாப்பிட்டேன்.