மந்திரி நீலகண்டரின் வக்கீல்

1957 செப்டம்பர் 4, புதன்

காலையிலிருந்து மழை. எஸ்டேட் ஆபீசில் ஆட்களின் பேர்ப்பதிவு செக்ரோல் எழுதிக்கொண்டிருந்தபோது உதவி மானேஜர் சின்னதுரை கூப்பிட்டார். சீமைக்குத் திரும்பிப் போகிறாராம், தன் ரேடியோவை எனக்குத் தந்துவிட்டார். கரண்டு வேண்டாத செட். செங்கல் கனத்தில் ஒரு பேட்டரி போட்டால் பாடும். வீட்டின் பின்னால் இருக்கும் சில்வரோக் மரத்தில் ஆளை ஏற்றிக் கம்பி கட்டினேன்.

அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். யாக்கோபுக் கங்காணி என்றால் ஒரு காலத்தில் இந்த மலையே நடுங்கும். இப்போது காது மந்தம். "எலே இன்னாசி, இதுக்கு என்னலே தீனி?" என்றார்.

செய்தி கேட்பதற்காக வாங்கிக்கொண்டேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். இந்த நோட்டில் பொய் எதற்கு? வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்கட்டும் என்றுதான். என் மனைவி இருதயம்மாள் என்னோடு பேசி ஏழு மாதம் ஆகிறது.

விஷயம் இதுதான். பிப்ரவரியில் அவள் ஐயா, என் மாமனார், இறந்த தந்தி ஆபீசுக்கு வந்தது. அன்று கம்பெனி ஏஜென்ட் துரை கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட வந்திருந்தார். அந்த நேரத்தில் போய் லீவு என்று நின்றால் என் கதி என்ன? தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒன்றரை நாள். துரை போனபிறகு கொடுத்தேன். ஊர் போய்ச் சேர்ந்தால் அடக்கம் முடிந்து மண்கூடக் காய்ந்திருந்தது. தந்தியில் தேதி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மைத்துனர் பார்த்துவிட்டார். மனுஷனுக்கு உத்தியோகம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?

செப்டம்பர் 5

"ஏட்டி ரோசி, உங்க அப்பாகிட்டக் கொழம்பு போதுமான்னு கேளு." மத்தியானம் இருதயம் அடுப்படியிலிருந்து சொன்னது இது. எங்கள் மகள் ரோசி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

செப்டம்பர் 11, புதன்

திருச்சி நிலையத்தில் புதன்தோறும் இரவு ஏழரைக்குச் சரித்திர நாடகம் தொடங்கியிருக்கிறது. வீரகேது என்று ஒரு ராஜா. அவருக்கு ஒரே மகள், செண்பகக்கோதை, தூரதேசத்தில் வாழ்க்கைப்பட்டவள். நீலகண்டர் என்று ஒரு மந்திரி. நிதானமான குரல், வீண்பேச்சு கிடையாது. எடுத்த எடுப்பிலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று.

அப்பா ரேடியோவை ஒட்டி உட்கார்ந்தார். ரோசி தரையில். இருதயம் அடுப்படி நிலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குதிரைக் குளம்புச் சத்தம் வந்தபோது திரும்பினாள். ராஜா பேசியபோது உட்கார்ந்தாள். நான்கு பேரும் ஒரே அறையில் அரை மணி நேரம்! பிப்ரவரிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 25, புதன்

கூட்டம் பெருத்துவிட்டது. டீமேக்கர் அமிர்தநாதனும் அவர் சம்சாரமும் ஏழு மணிக்கே வந்துவிடுகிறார்கள். அது எங்கள் ஜெபமாலை நேரம். வந்தவர்களும் முழந்தாளிடத்தான் வேண்டும்.

அப்பா ஜெபமாலை சொன்னால் சாதாரணமாக அரை மணி ஆகும். நடுவில் ஒரு தூக்கமும் உண்டு. இன்று ஐம்பத்து மூன்று மணியும் பதினோரு நிமிஷத்தில் உருண்டு முடிந்தன. மாதா பிரார்த்தனையை ஒரே மூச்சில் விட்டார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று ரோசி கேட்கிறாள். தாத்தாதான் சொல்ல வேண்டும் என்றேன்.

அக்டோபர் 9, புதன்

மந்திரி நீலகண்டர் இன்று ஒரு காரியம் செய்தார். செய்திருக்க வேண்டாம்.

ராஜா சாகக் கிடக்கிறார். 'உடனே வா' என்று மகளுக்கு ஓலை எழுதிக் கொடுக்கிறார். கோட்டை வாசலில் எதிரி. விஷயம் வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடும் என்று மந்திரி அந்த ஓலையை வாங்கி மடியில் செருகிக்கொள்கிறார். ஓலை சரசரக்கிற சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. மற்ற நாளெல்லாம் கொரகொரவென்று இழுக்கும் திருச்சி, இன்றைக்கு மட்டும் அப்படி ஒரு தெளிவு!

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. அப்பாதான் உரக்கக் கேட்டார்: "எலே இன்னாசி, நம்ம வீட்டுக் கதைய எவம்லே திருச்சிக்கு எழுதிப் போட்டான்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "எதிரி வாசலில் நிற்கும்போது மந்திரி வேறென்ன செய்வார்? நாட்டைப் பார்ப்பாரா, ஓலையைப் பார்ப்பாரா?" என்றேன். யாரும் என்னைக் கேட்கவே இல்லை.

அக்டோபர் 10

தேயிலை பாக்டரி வாசலில் அமிர்தநாதன் வழிமறித்தார். "என்னண்ணே, மந்திரிக்கு நீங்கதான் வக்கீலாமே?" சம்சாரம் பற்ற வைத்திருப்பாள். சிரித்து மழுப்பாமல் பத்து நிமிஷம் நின்று நீலகண்டரின் கஷ்டங்களை எடுத்துச் சொன்னேன். படை, கோட்டை, தானியக் கையிருப்பு, ஒன்று விடவில்லை. கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பொண்ணுக்கு என்னண்ணே பதில்?" என்றார். எனக்கு வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 16, புதன்

வீரகேது ராஜா போய்விட்டார். மகள் குதிரையில் வந்து இறங்கும்போது சிதை ஆறிப்போயிருந்தது. "நாட்டின் நன்மைக்காகவே மறைத்தேன், தாயே" என்றார் நீலகண்டர். அமிர்தநாதன் சம்சாரம் விம்மி விம்மி அழுதாள். அப்பா ரேடியோவைப் பார்த்துக் கங்காணிக் காலத்து வசவு ஒன்றை எடுத்துவிட்டார். அதை இங்கே எழுத முடியாது.

இருதயம் அழவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள். சோறு எப்போதோ வடித்தாயிற்று; இருந்தும் விறகைத் தள்ளினாள். "நாட்டுக்காகவாம்" என்று அடுப்பிடம் சொன்னாள். அது அடுப்புக்குச் சொன்னதல்ல என்று எனக்குத் தெரியும்.

படுத்தால் தூக்கம் வரவில்லை. நான் செய்தது தப்பா? ஏஜென்ட் துரை அன்றைக்கு என் புத்தகங்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நவம்பர் 2, சனி

ஆத்துமாக்கள் திருநாள். வீட்டுக்கு வீடு இறந்தவர்களின் பெயரை எழுதி முன்கூட்டியே சாமியாரிடம் கொடுத்துவிடுவோம். பூசைக்கு முன் வாசிப்பார். எங்கள் வீட்டுப் பட்டியல் வருஷா வருஷம் என் கையெழுத்தில்தான் போகும். இந்த வருஷம் இருதயம் சொல்ல ரோசி எழுதியிருக்கிறாள். என்னிடம் காட்டவில்லை.

சாமியார் கோட்டயத்துக்காரர். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். "இன்னாசிராஜ் குடும்பம். சவேரியாயி. அந்தோணிமுத்து. சூசைமாணிக்கம்." சூசைமாணிக்கம் என் மாமனார். அப்புறம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "வீரகேது ராஜா" என்றார்.

முழந்தாளில் இருந்ததால் விழாமல் தப்பினேன். ஓரக்கண்ணால் பார்த்தால் ஒரு பயல் சிரிக்கவில்லை. புதன்கிழமைக் கூட்டம் மொத்தமும் சிலுவை போட்டுக்கொண்டது. அமிர்தநாதன் சம்சாரம் மூக்கைச் சிந்தினாள்.

பூசை முடிந்ததும் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். "ஆராணு ஈ ராஜாவு? நம்முடெ இடவகக்காரனாணோ?"

"இல்லை சாமி, நம்ம பங்கு இல்லை. மனைவி வழியில் தூரத்துச் சொந்தம்."

"ஞானஸ்நானப் பேரு எந்தாணு?"

"ராயப்பன்" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அந்த ராஜாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாவம் இனி என் கணக்கில்.

வீட்டுக்கு வந்து ரோசியைப் பிடித்துக் கத்தினேன். நாடகத்து ஆளுக்கெல்லாம் பூசையா, என் மானம் போயிற்றே என்று. ரோசி அழ ஆரம்பித்தாள். இருதயம் வந்து அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, உங்க அப்பாகிட்டச் சொல்லு. மக வந்து முகம் பாக்கதுக்குள்ள அந்த ராசாவ எடுத்துட்டாக. எங்க ஐயாவுக்கும் அப்படித்தான். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கட்டும்னுதான் பக்கத்துல எழுதச் சொன்னேன்."

ரோசி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொல்ல வாயைத் திறந்தாள். "கேட்டுருச்சு" என்றேன்.

எழுதி வைக்கிறேன்: எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பது மாதத்தில் மாமனாருக்காக நான் ஒரு அருள்நிறை மந்திரம்கூடச் சொன்னதில்லை. செய்த காரியத்துக்குக் காரணம் சேர்ப்பதிலேயே காலம் போய்விட்டது.

நவம்பர் 13, புதன்

கடைசி வாரம். கூட்டம் வாசலைத் தாண்டி மழையில் நின்றது. ஆறு மணிக்குத் திருப்பிப் பார்த்தால் ரேடியோ முனகுகிறது. பேட்டரி சாகப் போகிறது. புதுசு வாங்க வேண்டுமானால் குமுளிக்குப் போக வேண்டும். இருதயம் பேட்டரியைக் கழற்றி வாங்கிக்கொண்டு போய், அடுப்போரம் வைத்துக் கைக்குழந்தையைக் குளிர்காய வைப்பது போலப் புரட்டிப் புரட்டிச் சூடு காட்டினாள். கொஞ்சம் உயிர் வந்தது.

முக்கால்வாசி நாடகம் வரை தாங்கிற்று. செண்பகக்கோதை சிம்மாசனம் ஏறிவிட்டாள். நீலகண்டரை விலங்கோடு கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவர் முழந்தாளிடுகிறார். "தாயே..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். கொர்ர்ர் என்றது, நின்றுவிட்டது.

அப்பா ரேடியோவின் தலையில் இரண்டு போட்டார். பயனில்லை. அப்புறம் எங்கள் வீட்டிலேயே தர்பார் கூடிவிட்டது. தலையை வாங்கியிருப்பாள் என்றார் அப்பா. நாடு கடத்தியிருப்பாள் என்றார் அமிர்தநாதன். பாவம், மன்னித்திருப்பாள் என்றாள் ரோசி. நீங்க சொல்லுங்கக்கா என்று அமிர்தநாதன் சம்சாரம் இருதயத்தைக் கேட்டாள்.

இருதயம் சொன்னாள்: "அவ என்ன செஞ்சான்னு பொறவு பாப்போம். மந்திரி என்ன சொன்னாருன்னு மொதல்ல தெரியட்டும். தப்புன்னு சொன்னாரா? இல்ல, பழையபடி காரணம் சொன்னாரா?"

"அதை வக்கீல்தான் சொல்லணும்" என்றார் அமிர்தநாதன். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எல்லாரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவளும்.

வாயைத் திறந்தேன். கோட்டை, படை, எதிரி எல்லாம் நாக்கு நுனியில் தயாராக நின்றன. என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. "காரணமெல்லாம் ஒன்னும் கெடையாது. தப்புதான். பயம். துரை கோவிச்சுக்கிடுவாருன்னு பயந்தேன்" என்றேன்.

அமிர்தநாதன் சம்சாரத்தின் கையைப் பிடித்து எழுப்பினார். ஒவ்வொருவராகக் குனிந்த தலையோடு வெளியே போனார்கள். அப்பாதான் பாதி காதில் விழுந்தும் பாதி விழாமலும், "எலே, ராசா கதையில ஏதுலே துரை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நவம்பர் 14

பேசவில்லை. ஆனால் ரோசி வீட்டில் இருந்தும் அவளைத் தூதனுப்பாமல், குழம்புச் சட்டியையே என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 16, சனி

பெரியதுரையிடம் நான்கு நாள் லீவு கேட்டேன். பதினேழு வருஷ உத்தியோகத்தில் நானாகக் கேட்பது இதுதான் முதல் தடவை. எதற்கு என்றார்.

"மாமனார் இறந்துபோனார், துரை."

"ஐயோ பாவம். எப்போது?"

"பிப்ரவரியில்."

துரை பேனாவைக் கீழே வைத்தார். "அப்போதே ஏன் கேட்கவில்லை?" என்றார். "பயந்துவிட்டேன், துரை" என்றேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். இவ்வளவுதானா? இதற்கா இத்தனை மாதம்?

நவம்பர் 18, திங்கள்

நாங்கள் இருவர் மட்டும் பஸ்ஸில் புறப்பட்டோம். அப்பாவுக்குத் துணையாக ரோசி. கம்பம் தாண்டிச் சாரல் அடித்தது. ரோசி இல்லாததால் இருதயம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கண்டக்டர், அவுகள அந்தப் படுதாவ இறக்கிவிடச் சொல்லுங்க" என்றாள். அந்த நல்ல மனுஷன் மூன்று வரிசை தாண்டி வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 20, புதன்

மாமனார் ஊர். காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். செம்மண் மேடு, மரச்சிலுவை, பெயர் பாதி அழிந்திருக்கிறது. மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை. என் குடையைச் சாய்த்து மறைத்துப் பிடித்தேன். ஏற்றினாள். எனக்கும் சேர்த்து அவளே ஜெபம் சொல்லட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "நான் என்னத்தச் சொல்ல? நீங்களே எங்க ஐயாகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

என்னிடம்தான். நடுவில் ரோசி இல்லை, கண்டக்டர் இல்லை.

முழந்தாளிட்டேன். தந்தி வந்த நேரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். சட்டைப்பையில் அது இருந்தபோதே அவள் கையால் நான்கு வேளை சாப்பிட்டதைச் சொன்னேன். துரை மீன் பிடிக்கப் போனதையும் சொன்னேன். அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. அவள் அப்போதுதான் முதல் தடவையாக அந்த மேட்டின் மேல் கை வைத்து, வாய்விட்டு அழுதாள்.

தோட்டத்து வாசலைத் தாண்டியதும் ஆரம்பித்தாள். "மீன் பிடிக்கப் போனாரா? அந்த ஆளு மீன் பிடிக்கதுக்கா எங்க ஐயா முகத்த நான் பாக்கல? நீங்க ஒரு ஆம்பளையா? உங்க கையில பேனாவக் குடுத்தவன மொதல்ல கேக்கணும்..." ஒன்பது மாதத்துப் பாக்கி. எதையும் விடவில்லை; என் குறட்டை உட்பட. வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஊர் எல்லை வந்தது. வீட்டுக்கு இன்னும் நூறு கெஜம்கூட இருக்காது. அவள் பேச, நான் கேட்க, அது போதாது. குளத்தங்கரை வழியாகச் சுற்றிப் போகலாமா என்று கேட்டேன்.