நாய்க்கு ஏது கூட்டம்?

எவ்வளவு திட்டினாலும் பாசம் குறையாத என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. பனியன் கம்பெனியைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். நாய்கள் ராஜாவும் ராணியும் என் பங்குக்கு வந்தன. இரண்டையும் தனித்தனியே கட்டி வைத்திருக்கிறேன்.

வால்பாறை எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குக் கிளம்பிய துரை கொடுத்த லேப்ரடார் குட்டிகள். ஒரே வயிற்றில் பிறந்தவை. ராணி பருவத்துக்கு வந்ததும், நாட்டு நாய் அண்டிவிடக் கூடாது என்று இரண்டையும் நூல் குடோனில் விட்டுப் பூட்டினீர்கள்.

அம்மா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். “ஏனுங்க, அதுக அண்ணந் தங்கச்சி இல்லீங்களா?”

“நாய்க்கு ஏது கூட்டம்? போயி வேலயப் பாரு” என்று சிரித்தீர்கள்.

சிரித்தது யார்? ஒரே கூட்டம், ஒரே குலம் என்றால் எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் பங்காளிதான், பெண் கொடுக்க மாட்டேன் என்று தரகர்களை வாசலோடு திருப்பியவர். எனக்கு வந்த அவினாசி வரனை, மாப்பிள்ளையின் அத்தை நொண்டுகிறாள் என்பதற்காக வேண்டாம் என்றவர். “வம்சத்துல வந்துரும் கண்ணு” என்றீர்கள். அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. அதை நீங்கள் கேட்கவேயில்லை.

ஆறு குட்டிகள். ஐந்தைத் தொழிலில் வேண்டியவர்களுக்குக் கொடுத்தீர்கள். நம்மிடம் நின்றது மணி. பத்து மாதத்தில் அவனால் பின்னங்காலை ஊன்றி எழ முடியவில்லை. சோம்பேறித்தனம் என்றீர்கள். சோற்றைக் குறைத்து, தினமும் காலையில் கம்பெனி வரைக்கும் ஓட்டிப் போகச் சொன்னீர்கள். ஓட்டியது நான்தான் அப்பா, கையில் குச்சியோடு. அவன் கத்தினால் இன்னும் ஒன்று வைத்தேன். உங்களிடம் நல்ல பெயர் வாங்க வேண்டுமே!

கோயமுத்தூர் மாட்டு டாக்டர் இடுப்பைத் தொட்டதும் மணி போட்ட சத்தம் இன்னும் கேட்கிறது. “எலும்பு குழியில சரியா உக்காரலீங்க. பொறப்புலயே வந்தது. தாயும் தகப்பனும் ஒரே ரத்தம், ரெண்டு பக்கத்துக் கொறையும் சேந்துருச்சு. இனி அதுகளச் சேக்காதீங்க” என்றார். மணிக்கு அங்கேயே ஊசி போட்டு முடித்துவிடச் சொன்னீர்கள். திரும்பும்போது காரில் நீங்கள் பேசியது இவ்வளவுதான்: “வெளிய மூச்சு உடக்கூடாது சாமி. நம்மூட்டு நாய் நொண்டின்னு ஊரு பேசும்.”

அடுத்த வருடம் மறுபடியும் குடோனைப் பூட்டினீர்கள். அந்த ஈத்துக் குட்டிகளையும் ஊருக்குக் கொடுத்தீர்கள். தெரிந்தே எப்படி அப்பா கொடுக்க முடிந்தது?

போன வாரம் பெருமாநல்லூர் நூல் வியாபாரி வீட்டுக்குப் போனேன். மணியோடு பிறந்தது ஒன்று அங்கே சாக்கின் மேல் கிடந்தது. முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்து வாலை ஆட்டியது. இடுப்புக்குக் கீழே தோல் தேய்ந்து புண்ணாகி, ஈ மொய்த்தது.

“நாலு வருசமா இப்படித்தானுங்க” என்றார் அவர். “உங்கப்பா ஆசையாக் குடுத்தது. அவரு சொல்லாம ஊசி போட மனசு வரலீங்க.”

உங்கள் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதைதான் அதை நாலு வருடம் தரையில் தேய்த்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பேன்? ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன். தலையை ஆட்டியிருப்பேன்.

அதனால் ஒரு பொய் சொன்னேன். “அப்பா சாகறப்ப அழுதாருங்க. நாந்தான் தப்புப் பண்ணீட்டேன், குட்டி வாங்குனவங்க எல்லாருகிட்டயும் மன்னிப்புக் கேளு, வலியில கெடந்தா ஊசி போடச் சொல்லுன்னாருங்க.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பெரிய மனுசனுங்க” என்றார். அன்று சாயங்காலமே ஊசி போட்டோம். அதன் தலை என் மடியில்தான் இருந்தது.

கடைசியாக நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும். “ராணி பருவத்துக்கு வந்துருச்சா கண்ணு?” என்று கேட்டீர்கள்.

மீதி வீடுகளுக்கும் போகிறேன் அப்பா. ஒன்றையும் விட மாட்டேன். ஒவ்வொரு வாசலிலும் நீங்கள் அழுது மன்னிப்புக் கேட்பீர்கள்.

உங்கள் சொல்லை ஒருநாளும் தட்டாத மூத்த மகள்,
சரஸ்வதி