குவைத்திலிருந்து வந்த திங்கட்கிழமை

அண்ணை,

ஒஸ்லோவின் குறொன்லாண்டுக் கடைத்தெருவில் ஏலக்காய் சேர்த்து அரைத்த அரபுக் கோப்பிப் பக்கெட் ஒன்றை வாங்கி, மடியில் வைத்தபடி ரயிலில் ஹொல்ம்லியாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வழி முழுக்க அந்த வாசனை விடவில்லை. போதாக்குறைக்குக் கைபேசியில் குவைத் செய்தி. அந்நாட்டை ஆளும் அமீர் கலைத்த நாடாளுமன்றம் இன்னும் கூடவில்லை. நீங்கள் இருந்திருந்தால், "திரும்பவும் பூட்டிப்போட்டாங்கள்" என்று என்னை நித்திரைகொள்ள விட்டிருக்க மாட்டீர்கள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லைதான். ஆனால் அதற்குக் காரணம் குவைத் இல்லை, எங்கள் திங்கட்கிழமைக் கூட்டம்.

குவைத்தில் ஒரு பணக்காரர் வீட்டுத் திவானியாவில், ஆண்கள் கூடி அரசியல் கதைக்கும் அந்த வரவேற்பறையில், கோப்பி ஊற்றியவர் நீங்கள். அப்போதும் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டிருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவரக் கேட்டுத் திங்கட்கிழமைகளில் வீட்டுக்கு வீடு கூடினார்கள். ஒருநாள் பொலிஸ் வாசலை மறித்தபோது எல்லோரும் தெருவில் நின்றே பேசினார்கள். நீங்களும் கேத்திலோடு தெருவுக்கு இறங்கினீர்களாம். அதைச் சொல்லும்போது உங்களுக்கு ஒரே பெருமை. பிறகு குரல் இறங்கிவிடும்.

"எல்லாரும் உரிமையைப் பற்றித்தான் கதைச்சவை. ஊத்தினவனுக்கு என்ன பேர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

சில மாதங்களில் ஈராக் படை நுழைந்தது. ஜோர்தான் வழியாகத் தப்பி, அலைந்து, ஒஸ்லோவுக்கு வந்தீர்கள். இங்கே உங்கள் வீட்டிலும் திங்கள்தோறும் கோப்பி. ஈழத்தில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட இயக்கங்களில் எந்த இயக்கத்துக்காரரும் வரலாம். ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசவிடுவீர்கள். முதல் நாள் நான் வெறும் கோப்பையைக் கீழே வைக்க வைக்க நிரப்பிக்கொண்டே இருந்தீர்கள். மரியாதைக்குக் குடித்துக்கொண்டே இருந்தேன். என் வயிறு ஊதிய பிறகுதான், "போதுமெண்டால் கோப்பையை ஆட்டோணும் தம்பி" என்றீர்கள். பொல்லாத மனிதர் நீங்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு கூட்டம் என் வீட்டுக்கு வந்தது. போன வாரம், வழமையாகக் கூட்டத்துக்கு வரும் தவம், "எங்கடை ஆக்கள் செய்த கொலையளையும் கதைப்பம்" என்றான். ஒருவர் அவனைத் துரோகி என்றார். அவன் எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து போனுக்கு மேல் போன். "தவத்தை இனிக் கூப்பிடாதையுங்கோ. அவன் வந்தால் நாங்கள் வரமாட்டம்."

சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். இதை என் தலையில் கட்டிவிட்டுப் போனதற்கு உங்கள் மேலும் கோபம் வருகிறது. தவத்தை விட்டுவிட்டால் வீடு நிறையும், எனக்கும் நிம்மதி. ஆனால் அந்தத் திவானியாவில் பேர் கேட்கப்படாமல் நின்ற உங்களை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. ஆள் பார்த்துக் கதவு திறக்கிற வழக்கம் உங்களிடம் இருந்ததில்லை. உங்களிடமிருந்து எனக்கு ஒட்டியது எல்லோருக்கும் கதவு திறக்கும் அந்தக் குணம் ஒன்றுதான், அதைக் கைவிட என்னால் முடியவில்லை.

சற்று முன் தவத்துக்குப் போன் எடுத்தேன்.

"திங்கள் வாறீரோ?"

"மற்றவை?"

"வரமாட்டினமாம்."

"அப்ப என்னண்ணை கூட்டம்?"

"நீர் கதையும். நான் கேக்கிறன்."

அவன் போனை வைக்கவில்லை. நானும் அதைக் காதில் வைத்தபடியே கோப்பிப் பக்கெட்டைப் பிரித்தேன்.